அரை ஸ்பூன் உப்பு

அம்மாவின் எடை முப்பத்தொன்பது கிலோவுக்குக் கீழே போனால் ஆஸ்பத்திரியில் சேர்த்து, குழாய் வழியாகத்தான் சாப்பாடு என்று டாக்டர் சொல்லிவிட்டார். திங்கட்கிழமை காலை எடை பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை மதியம், செருப்போடு நின்றும், முப்பத்தொன்பதரை.

அப்பா போய் மூன்று மாதம் ஆகிறது. அன்றிலிருந்து அம்மாவுக்கு டீயும் ரொட்டி ஓரமும்தான். அக்கா வந்து அழுது பார்த்தாள், அதட்டிப் பார்த்தாள், ஒன்றும் நடக்காமல் என் தலையில் கட்டிவிட்டு ஊருக்குப் போய்விட்டாள். நான் லிஃப்ட் மெக்கானிக். பத்தாவது மாடியில் நின்றுபோன லிஃப்ட்டைக் கீழே இறக்கத் தெரியும். ஒரு வாய் சாப்பாட்டை அம்மாவின் தொண்டையில் இறக்கத் தெரியவில்லை.

போகும்போது அக்கா ஒரு தாளை ஃபிரிட்ஜில் ஒட்டியிருந்தாள். எங்கள் வீட்டு வெள்ளை சூப்பின் செய்முறை, அம்மா எப்போதோ சொல்லச் சொல்ல அவள் எழுதியது. மாமியாரிடமிருந்து மருமகளுக்கு என்று மூன்று தலைமுறையாக வந்த சூப். காய்ச்சலென்றாலும் அதுதான், பரீட்சையில் கோட்டை விட்டாலும் அதுதான். உருளைக்கிழங்கு நான்கு, வெங்காயம் ஒன்று, வெண்ணெய், அரை லிட்டர் பால், மிளகுத்தூள், உப்பு அரை ஸ்பூன். ‘அரை’க்குக் கீழே இரண்டு கோடு.

எழுதியிருப்பதைத் தாண்டி நான் எதையும் செய்ய மாட்டேன், தொழில் அப்படிப் பழக்கிவிட்டது. வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, வெந்த கிழங்கை மசித்து, பாலை ஊற்றிக் கிளறி, கிண்ணத்தில் கொண்டுபோய் வைத்தேன். அம்மா இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுத் தள்ளி வைத்தாள்.

“நல்லாருக்குடா. போதும்.”

எடுத்து ருசி பார்த்தேன். சப்பென்று இருந்தது.

“உப்பே இல்லையேம்மா! கொஞ்சம் சேத்துக்கயேன்.”

“நான் அரை ஸ்பூனுக்கு மேல போட்டதில்ல. இனிமேலும் போட மாட்டேன்.”

எனக்குச் சுர்ரென்று ஏறியது. விடிந்தால் குழாய், இந்த அம்மா உப்புக்குக் கணக்குப் பார்க்கிறாள். அந்தக் கோபத்தில் முப்பது வருட ரகசியத்தைப் போட்டு உடைத்தேன்.

“அப்பா போடுவாரும்மா! தண்ணி குடிக்கிற சாக்குல உள்ள போயி, உனக்குத் தெரியாம. நானே பாத்திருக்கேன். சொல்லக் கூடாதுன்னு எனக்கு மிட்டாய் வேற.”

அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

“அவரு உள்ள போறப்ப நான் எங்க இருப்பேன்?”

“பால்கனியில. துணி எடுக்க.”

“மழை கொட்டுறப்பவுமா கொடியில துணி இருக்கும்?”

கையிலிருந்த ஸ்பூனைக் கீழே வைத்தேன்.

“இந்த சூப்ப சொல்லிக் குடுத்தப்பவே எங்க மாமியார் சொன்னாங்க. ‘அரை ஸ்பூன் போட்டுட்டு வெளிய வந்துடு. மிச்சத்த அவன் வந்து போட்டுக்குவான், அவங்கப்பா மாதிரியே. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காத.’ நாப்பத்திரண்டு வருஷம் காட்டிக்கல.”

“அக்காகிட்ட இதச் சொல்லலியே?”

“இதையெல்லாமா எழுதி வைப்பாங்க?”

சூப் ஆறிப் போயிருந்தது. கிண்ணத்தில் இருந்ததைப் பாத்திரத்தில் கொட்டி மறுபடி அடுப்பில் வைத்தேன். அம்மா மெதுவாக எழுந்து வந்து சமையலறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றாள்.

“துணி எடுத்துட்டு வரேன்” என்றாள்.

கொடியில் ஒரு கைக்குட்டைகூட இல்லை. காலையிலேயே எல்லாவற்றையும் மடித்து வைத்தவன் நான்தான்.

அடுப்பு முன்னால் நின்று அழுதேன். அப்பா இனி வரமாட்டார் என்பது அடக்கம் செய்த அன்றுகூட இப்படி உறைக்கவில்லை. பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு உப்பு டப்பாவை எடுத்தேன். அப்பாவாக இருந்தால் ஓசையே வராது. என் கையிலிருந்து மூடி நழுவி, தரையில் விழுந்து, கணகணவென்று மேஜை வரைக்கும் உருண்டது. பால்கனியில் அம்மா திரும்பிப் பார்க்கவில்லை.

நான் மூடியைத் தேடி எடுத்து டப்பாவை இருந்த இடத்தில் வைத்த பிறகுதான் வெறுங்கையோடு வந்தாள். உட்கார்ந்தாள். ஒரு ஸ்பூன் வாயில் வைத்தாள்.

“என்னடா, உப்பு தூக்கலா இருக்கு?”

“தெரியலியேம்மா. அரை ஸ்பூன்தான் போட்டேன்.”

“அப்படியா” என்றாள்.

கிண்ணத்தை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, முகத்தைப் பார்க்காமல் என் பக்கம் நீட்டினாள்.

“இன்னும் ரெண்டு கரண்டி ஊத்து.”