அத்தைக்கு எடுத்த வாக்குத்தத்தம்

புத்தாண்டுக் காலை ஆராதனை முடிந்ததும் மலேசியாவில் ஈப்போவிலுள்ள அந்தத் தமிழ்ச் சபையில் ஒரு வரிசை நிற்கும். நற்கருணைக்குக்கூட யாரும் அவ்வளவு ஒழுங்காக நின்றதில்லை. முன்னால் ஒரு தட்டு. தட்டு நிறையச் சின்னச் சின்ன அட்டைகள், எழுத்துப் பக்கம் கவிழ்த்து வைத்திருக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு வேத வசனம். கண்ணை மூடி ஒன்றை எடுத்தால், அந்த வருஷத்துக்கு ஆண்டவர் உங்களுக்குத் தந்த வாக்குத்தத்தம் அதுதான். வர முடியாதவர்களுக்கு வீட்டார் எடுத்துப் போகலாம். எடுத்ததை மாற்றக் கூடாது. இந்த விதி வேதத்தில் எங்கும் இல்லை; அதனால்தான் எல்லாரும் தவறாமல் கடைப்பிடித்தார்கள்.

ஜோனதன் அன்று இரண்டு அட்டை எடுக்க வேண்டியிருந்தது. தனக்கு ஒன்று, முழங்கால் வலியோடு வீட்டிலிருந்த மாமியார் கெர்ட்ரூட்டுக்கு ஒன்று. முதலில் தனக்கென்று ஜெபித்து, எடுத்து, திருப்பிப் பார்த்தார். நரை விழும் காலம் மட்டும் உன்னைச் சுமப்பேன், தாங்குவேன் என்றிருந்தது.

தலைக்குச் சாயம் அடித்து ஒரு வாரம் ஆகவில்லை. சபைச் செயலாளர் வேறு. இரண்டு நிமிஷச் சாட்சியை அரை மணி நேரத்துக்கு இழுக்கும் வரம் பெற்றவர். அரிசி மூட்டை மாதிரிச் சுமக்கப்படுவதற்கா இத்தனை உபவாசம் இருந்தார்? இது நிச்சயம் அத்தைக்கு வந்த வசனம். பரிசுத்த ஆவியானவர் தவறு செய்ய மாட்டார். வரிசை முன்பின்னாகியிருக்கும், அவ்வளவுதான். இந்த வேத விளக்கம் முழுவதும் அவருக்கு ஒரே நொடியில் அருளப்பட்டது. அட்டையைப் பையில் போட்டுவிட்டு மறுபடி கண்ணை மூடினார்.

இரண்டாவது அட்டையில், சொந்த தேசத்தை விட்டுப் புறப்படு, நான் காட்டும் தேசத்துக்குப் போ என்று ஆபிரகாமுக்குச் சொன்ன வார்த்தை இருந்தது.

ஜோனதன் வரிசையிலிருந்து விலகி நேராகப் போய் மைக்கைப் பிடித்தார். மதிய பிரியாணி ஆறிப்போகும் வரை விடவில்லை. சாராம்சம் இதுதான்: டயர் கடை மேனேஜர் வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்குப் போகிறார். ஆண்டவர் காட்டிய தேசம் எது என்பதும் பேச்சின் நடுவிலேயே தெரிந்துவிட்டது. பீடோருக்கு உள்ளே ஒரு பழைய ரப்பர் தோட்டம். பால்மரங்களை வெட்டிச் செம்பனை நட்டு வெகுகாலமாயிற்று. தொழிலாளர் லயத்தில் மிச்சமிருந்த சில குடும்பங்களுக்கு ஒரு சின்ன ஆலயம் இருந்தது, போதகர்தான் இல்லை.

வீடு திரும்பும்போது மனைவி பமேலா கேட்டாள்.

"காட்டும் தேசம்னதும் நான் கானான்னு நெனச்சேன். பீடோராங்க?"

"ஆண்டவர் எங்க சொல்றாரோ அங்கதான்."

"ஹைவேல ஒரு மணி நேரம். ஆபிரகாமு டோல் கட்டிட்டுப் போயி சாயங்காலம் வீட்டுக்குச் சாப்பிட வந்துருவாரா?"

விசுவாசிகளின் வீட்டிலேயே பரியாசக்காரர் எழும்புவார்கள் என்று ஜோனதன் எண்ணிக்கொண்டார். அன்று மாலை மாமியாருக்கு அவருடைய அட்டையைக் கொடுத்தார். கெர்ட்ரூட் அதைக் கண்ணாடி போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை வாசித்தார். பிறகு தலையணைக்கடியில் வைத்துக்கொண்டார்.

கடை முதலாளியான சீனத் தவுக்கேயிடம் சொன்னபோது அவர் மலாயில் இரண்டே கேள்வி கேட்டார். மாதக் கடைசிக்குள் விலகல் கடிதம் எழுதித் தருவாயா என்பது முதலாவது. பீடோர் ஆட்களுக்கு டயர் வேண்டுமென்றால் நம் கடைக்கு அனுப்புவாயா என்பது அடுத்தது. ஈப்போ சபையின் பாஸ்டர் தர்மேந்திரன் மட்டும் கொஞ்சம் தயங்கினார்.

"அண்ணே, லெட்டர் குடுக்கறதுக்கு முன்னாடி ஒரு ஞாயித்துக்கெழம அங்க போயி பேசிட்டு வாங்க லா. அவங்களும் உங்கள பாக்கணும்ல."

"அழைப்பு எனக்கு, பாஸ்டர். அவங்க பாத்து என்ன ஆவப் போவுது?"

"சும்மா ஒரு தடவ, அண்ணே."

சிரிக்கலாம், ஆனால் ஜோனதனின் ஆசை பொய்யில்லை. வாழ்நாளெல்லாம் மற்றவர்கள் புறப்படுவதற்குச் சக்கரம் மாட்டிக் கொடுத்தவர் அவர். அவரைப் பார்த்து 'நீ போ' என்று எவரும் சொன்னதில்லை. தவுக்கே சொல்லும் 'போய் ஸ்டோரைப் பார்' தவிர. முதன்முறையாக ஒருவர் சொல்லியிருக்கிறார், அதுவும் பரலோகத்திலிருந்து. அதை இழந்தால் மிச்சமிருப்பது நரையும் டயரும்தான்.

மாதத்தின் கடைசி ஞாயிறு ஜோனதனும் பமேலாவும் கிளம்பினார்கள். "அந்தப் பக்கம் பாத்து நாளாச்சு" என்று கெர்ட்ரூட்டும் கைத்தடியோடு காரில் ஏறிக்கொண்டார். தோட்டத்துச் சின்னப் பாலம் இடிந்திருந்ததால் காரை வெளியிலேயே நிறுத்திவிட்டு, செம்பனைகளுக்கு நடுவே நடக்க வேண்டியிருந்தது. ஜோனதன் கோட் போட்டிருந்தார். சொந்தச் செலவில் வாங்கிய ஸ்பீக்கர் பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஆலயத்தில் இருந்தவர்கள் எட்டுப் பேர். பின்வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது.

சபையை அதுவரை நடத்திவந்தவர் சீனி. தோட்டத்தில் காவல்காரராக இருந்து ஓய்வு பெற்றவர். முன்வரிசையில் மாரியம்மா. ஞானஸ்நானத்தின்போது பெயரை மாற்றச் சொன்ன வெள்ளைக்காரப் போதகரிடம், 'ஆண்டவருக்கு என்னைய இந்தப் பேர்லயே தெரியும்' என்று மறுத்தவர் என்று அவரைப் பற்றிச் சொல்வார்கள்.

ஸ்பீக்கர் அலறியது. நாய் எழுந்து போயிற்று. ஜோனதன் ஆபிரகாமின் தகப்பன் வீட்டிலிருந்து தொடங்கி, ஊர் எல்லைக்கு வருவதற்குள் முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது.

"ஆபிரகாம் எப்படிப் புறப்பட்டார்? யோசிச்சாரா? தயங்கினாரா? இல்லை! மூட்டையை எடுத்தார், இப்படி!" என்று முழங்கிக்கொண்டே குனிந்து, கீழே வைத்திருந்த ஸ்பீக்கர் பெட்டியைத் தூக்கினார்.

பெட்டி எழும்பவில்லை. ஜோனதனும் எழும்பவில்லை.

இடுப்பில் ஏதோ 'டக்'கென்றது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வளைந்தது வளைந்தபடி, தரையைப் பார்த்தபடி நின்றார். பேச்சும் நின்றது. போதகர் இத்தனை தாழ்மையாகக் குனிந்து மௌனமாகிவிட்டதைக் கண்டு, அது ஜெபம் என்று நினைத்த சபையும் பயபக்தியோடு தலை குனிந்தது. நல்ல நீண்ட ஜெபம். மாரியம்மா 'ஆமென்' போட்டுப் பார்த்தார். முடியவில்லை.

"பாமு," என்றது மைக்கில் ஒரு மெல்லிய குரல். "பாமு, இங்க வா."

கெர்ட்ரூட் தலையை உயர்த்தினார். "ஜெபமும் இல்ல ஒண்ணும் இல்ல. மாப்பிள்ளைக்கு இடுப்பு புடிச்சிருச்சு. யாராச்சும் எந்திரிங்க!"

கார் நின்ற இடம் தூரம். கடைசியில் சீனி, செம்பனைக் குலை ஏற்றும் தள்ளுவண்டியைக் கொண்டுவந்து அதில் ஒரு சாக்கை விரித்தார். நான்கு பேர் சேர்ந்து தூக்கிப் போட்டார்கள். கோட்டெல்லாம் செம்பனை எண்ணெய்க் கறை. சீனி தள்ள, இரண்டு பேர் பக்கத்தில் பிடித்துவர, கெர்ட்ரூட் ஒரு கையில் தடியும் மறு கையில் குடையுமாக மாப்பிள்ளையின் முகத்துக்கு வெயில் படாமல் கூடவே நடந்தார். பமேலா காரைத் திருப்ப முன்னே ஓடினாள். அவள் தோள் குலுங்கிக்கொண்டிருந்தது. அழுகிறாள் என்றே ஜோனதன் எடுத்துக்கொண்டார்.

வண்டி ஒரு வேரில் ஏறி இறங்கியது. ஜோனதனின் உயிரும் ஏறி இறங்கியது. செம்பனை ஓலைகளுக்கு நடுவே வானத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தவருக்கு, யார் சுமக்கிறார்கள், யார் சுமக்கப்படுகிறார்கள் என்பது தெளிவாகத் தெரிந்தது. இதற்குமேல் வேத விளக்கம் தேவைப்படவில்லை.

"அத்தை," என்றார். "அந்த அட்ட... மொதல்ல எடுத்தது எனக்குத்தான். புடிக்கல. ஒங்களுக்குனு சொல்லிட்டு வேற எடுத்தேன். புறப்பட்டுப் போங்கறது ஒங்களோடது."

கெர்ட்ரூட் நின்றார். வண்டியும் நின்றது.

"எனக்கா? இந்த முட்டிய வச்சிக்கிட்டு நான் எங்க பொறப்பட்டுப் போறது?"

"மன்னிச்சிருங்க அத்தை. திருப்பிக் குடுத்துறேன்."

"திருப்பிக் குடுக்கறதா? அதெல்லாம் முடியாது. ஒரு மாசமா அந்த அட்டயாலதான் நிம்மதியா தூங்குறேன். இனி வேலைக்காவ மாட்டோம்னு நெனச்சுக்கிட்டு கெடந்தவளுக்கு, நான் சொமக்குறேன்னு ஒருத்தர் சொன்னா சும்மாவா?" குடையைக் கை மாற்றிக்கொண்டார். "கடவுள் பேச்சு என்ன ஒங்க கட டயரா, சைசு பாத்து ஒரே காருக்கு மாட்ட? ரெண்டு பேருக்கும் அது போதும். சீனி, தள்ளுப்பா."

ஜோனதன் கண்ணை மூடிக்கொண்டார். வலியினால்தான் என்று மற்றவர்கள் நினைத்தது அவருக்கு வசதியாக இருந்தது. அனுப்பப்பட வேண்டும் என்ற ஆசையில் இவ்வளவு காலம் எத்தனை மேடை ஏறியிருப்பார். தூக்கப்படுவதற்கு அல்லவா வெட்கமாக இருந்தது!

காரில் ஏற்றிவிட்டு, சீனி ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"அடுத்த வாரமும் வாரீங்களா, அண்ணே?"

ஜோனதனுக்கு ஒரு கணம் இடுப்பே நேரானது போலிருந்தது. "பிரசங்கத்துக்கா?"

"ஐயோ, அது வேணாம் லா. நாங்க மொற வச்சு வாசிச்சுக்குவோம். வாசிக்க ஆளு இருக்கு. கேக்கத்தான் ஆளு பத்தல."

திங்கட்கிழமை தவுக்கேயிடம், கடிதம் எழுதப்போவதில்லை என்று போனில் சொன்னார். அப்படியானால் சீக்கிரம் எழுந்து கடைக்கு வா என்று பதில் வந்தது. அடுத்த ஞாயிறு ஈப்போ சபையில் அவரே மைக்கைப் பிடித்து, அட்டை மாற்றியதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். தொடரும் என்று காத்திருந்தவர்கள் கொஞ்சம் பயந்துபோனார்கள். பாஸ்டர் தர்மேந்திரன் இரண்டு முறை தொண்டையைச் செருமிக்கொண்டார்.

இரண்டு வாரம் கழித்து, இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு தோட்டத்து ஆலயத்தின் மூன்றாவது பெஞ்சில் ஜோனதன் உட்கார்ந்திருந்தார். கோட் இல்லை, ஸ்பீக்கர் இல்லை. சீனி வாசித்தார். ஒரு வசனத்துக்கும் அடுத்த வசனத்துக்கும் நடுவே கண்ணாடியைத் துடைத்தார். துடைக்கிற நேரத்தில் சொல்லிவிடக்கூடிய மூன்று கருத்துகள் ஜோனதனின் தொண்டைவரை வந்தன. மூன்றையும் விழுங்கினார். முழு உபவாசத்தைவிடக் கடினமாக இருந்தது.

ஆராதனை முடிந்து தேநீர் வந்ததும் மாரியம்மா அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். சிங்கப்பூரிலிருக்கும் மகன் வெகு நாளாகப் போன் செய்யாததைப் பற்றி, அவன் பிறந்த அன்று பெய்த மழையிலிருந்து ஆரம்பித்தார். மற்றவர்கள் மெதுவாகக் கழன்றுகொண்டதிலிருந்து எல்லாரும் ஏற்கெனவே கேட்ட கதை என்று தெரிந்தது. ஜோனதன் வாயைத் திறக்கவில்லை. பையன் பள்ளிக்கூடம் போனான், படித்தான், பெண் பார்த்தான், போனான். தேநீர் ஆறி ஏடு கட்டியது. மாரியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அடுத்த வாரம் மக கதயச் சொல்றேன். அது இதவிடப் பெருசு. வருவீங்கல்ல, தம்பி?"

பமேலா கதவருகே நின்று சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள்.

"வாரேங்க்கா," என்றார் ஜோனதன்.