நூறு விழுக்காடு வருகை

கலாதேவி மாணவர் நல ஆதரவுப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தபோது அங்கே எல்லாமே தயாராக இருந்தது. உட்கார்ந்தால் அமுங்கிப் போகிற ஒரு பை நாற்காலி, ஒரு டிஷ்யூ பெட்டி, சூரியகாந்திப் பூவுக்குக் கீழே ‘நீ தனியாக இல்லை’ என்று எழுதிய சுவரொட்டி. ஆள்தான் இல்லை. அவளுக்கு முன்னால் அந்த வேலையில் இருந்தவர் மாணவர்களின் மனஅழுத்தத்தைத் தாங்க முடியாமல் காப்புறுதிப் பாலிசி விற்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள்.

ஈப்போவில், சிலிபின் பக்கம் ஒரு கடைவீட்டு வரிசையின் மாடிகளை வளைத்துப் போட்டு நடந்த தனியார் கல்லூரி அது. கீழே டயர் கடை. அதற்கு மேலே அலுவலகமும் வகுப்புகளும். அலுவலகத்தில் பெரிய அறை மாணவர் விவகார இயக்குநர் தர்மேந்திரனுடையது. அவர் அறைச் சுவரில் ஒரு திரை எப்போதும் எரிந்துகொண்டிருக்கும். அதில் ஒவ்வொரு மாணவனும் ஒரு புள்ளி. வருகை நன்றாக இருந்தால் பச்சை, எண்பது விழுக்காட்டுக்குக் கீழே போனால் மஞ்சள், எழுபதுக்குக் கீழே சிவப்பு. சிவப்பு விழுந்தால் பரீட்சை எழுத முடியாது. ஆதரவுப் பிரிவு கூப்பிட்டு ஆறுதல் சொல்லும்.

இந்தப் புள்ளிகளுக்கு நிறம் கொடுப்பது ‘ஹாடிர்’ என்ற ஆப். மலாயில் ‘வந்திருக்கிறேன்’ என்று அர்த்தம். வகுப்பு தொடங்கியதும் வெண்பலகையில் ஒரு கட்டம் கட்டமான குறி தோன்றும். மாணவன் தன் கைப்பேசியால் அதை ஸ்கேன் செய்தால் வந்தவன், செய்யாவிட்டால் வராதவன். ஒரு மாணவனுக்கு ஒரு கைப்பேசி, மாற்ற முடியாது.

கலாதேவியிடம் வந்த முதல் சிவப்புப் புள்ளி தினேஸ்வரி. கணக்கியல் டிப்ளமா, இரண்டாம் ஆண்டு. சுங்கை சிப்புட்டுக்கு உள்ளே, தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பிலிருந்து பேருந்தில் வருகிற பெண். பை நாற்காலியின் ஓரத்தில், அமுங்கிவிடாமல் இருக்கக் காலை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏன்மா வகுப்புக்கு வர மாட்டேங்கிற?” என்று கலாதேவி மெதுவாகக் கேட்டாள்.

“வர்றேன் மிஸ். இப்பக்கூட வகுப்புலேருந்துதான் எழுந்து வந்தேன். நீங்க கூப்பிட்டீங்கன்னு.”

மாணவர்கள் முதலில் மறுப்பார்கள், பொறுமையாக இருக்கவும் என்று கையேட்டில் போட்டிருந்தது. கலாதேவி பொறுமையாக இருந்தாள்.

“வீட்டுல ஏதாவது கஷ்டமா, சுசாவா? மனசு விட்டுச் சொல்லலாம்.”

“வீட்டுல ஒண்ணும் இல்ல மிஸ். ஹேண்ட்போன்லதான் சுசா. மழையில மோட்டார் சைக்கிள்லேருந்து கீழ விழுந்திருச்சி. அதுக்கப்புறம் கேமராவுல எதப் பாத்தாலும் பனி மூட்டமா இருக்கு. ஸ்கேன் ஆக மாட்டேங்குது. தீபாவளிக்கு அப்புறம் வேற வாங்கலாம்னு அம்மா சொல்லிருக்காங்க.”

“புகார் கொடுத்தியா?”

“கொடுக்கப் போனேன் மிஸ். ஆப் வழியாத்தான் கொடுக்கணும்னாங்க. அதுக்கும் ஒரு கோட் ஸ்கேன் பண்ணணுமாம்.”

கலாதேவி டிஷ்யூ பெட்டியை அவள் பக்கம் நகர்த்தினாள். வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை. தினேஸ்வரி மரியாதைக்காக ஒன்று எடுத்துக்கொண்டாள். அவர்கள் பேசிக்கொண்டிருந்த நேரத்துக்கு ஆப் அவளை வராதவள் என்று குறித்தது. அந்தப் பருவத்தில் அது அவளைப் பற்றிச் சொன்ன முதல் உண்மை.

கலாதேவி விரிவுரையாளர் ஷாஹித்தைப் போய்ப் பார்த்தாள். அவர் சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“தினேஸ்வரியா? மொத வரிசையிலதான் உக்காருவா. அவ ஒருத்திதான் கேள்வி கேக்குறா,” என்றார்.

“அப்ப நீங்க எழுதிக் கொடுக்கலாமே சார்.”

“முன்ன நான் பேர் கூப்பிட்டு வருகை எடுத்துக்கிட்டிருந்தேன் மிஸ். அது பழைய பழக்கம், விடணும்னு ஒரு பயிற்சிக்கு அனுப்பினாங்க. இப்ப எழுதிக் கொடுத்தா மறுபடியும் அனுப்புவாங்க.” அவர் கோழித் துண்டை எடுத்தார். “காம்பார்ல நடக்கும். ரெண்டு நாளு. சாப்பாடும் நல்லா இருக்காது.”

தர்மேந்திரன் திரையைப் பார்த்தபடியே அவள் சொன்னதைக் கேட்டார். மற்றவர்கள் பேரப்பிள்ளையின் படத்தைப் பார்க்கிற கனிவு அவர் முகத்தில் இருந்தது.

“மிஸ் கலா, நீங்க புதுசு. மாணவர்கள் ஆயிரம் சொல்வாங்க. சிஸ்டம் பொய் சொல்லாது.”

“சார், அந்தப் பொண்ணு தெனமும் வருது. வாத்தியாரே பாக்குறார்.”

“அந்தப் பொண்ணு வந்திருக்கலாம். வருகை வரலையே.”

“நாம திருத்த முடியாதா சார்?”

“சிஸ்டம் கோலாலம்பூர்ல இருக்கு. இங்கேருந்து யாரும் கை வைக்க முடியாது. நீங்க உங்க வேலைய நல்லா செய்யுங்க. வாரா வாரம் அந்தப் பொண்ணக் கூப்பிட்டுப் பேசுங்க. தன்னம்பிக்க வரட்டும். அலுவலக நேரத்துலயே கூப்பிடுங்க, ஓவர்டைம் கெடையாது.”

அலுவலக நேரம்தான் வகுப்பு நேரமும். இதைச் சொல்ல அவள் வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். தர நிர்ணயக் குழு கல்லூரியைப் பார்வையிட வரப்போகிறது. அதற்கு முன்னால் ஒரு விழா நடத்த வேண்டும். வருகை நாயகன் விருது. ஒரே ஒரு மாணவன் ஒரு வகுப்புகூட விடாமல் நூறு விழுக்காடு வைத்திருக்கிறான். கணக்கியல், இரண்டாம் ஆண்டு, பெயர் ஷர்வின். அவனைப் பற்றி நாலு வரி எழுதித் தர வேண்டும். தினேஸ்வரியை விழாவில் தண்ணீர் கொடுக்கப் போட்டால் அவனைப் பார்த்துத் திருந்துவாள்.

கலாதேவி ஷர்வினுக்குப் போன் செய்தாள். எடுத்ததும் பின்னால் ஏதோ இயந்திரம் கடகடவென்று ஓடியது.

“வகுப்புலதான் இருக்கேன் மிஸ்,” என்றான், அவள் எதுவும் கேட்பதற்கு முன்பே.

பின்புறமாக வரும் லாரி எழுப்புகிற கீச்சொலி கேட்டது. யாரோ மலாயில் பெட்டிகளை ஓரமாக அடுக்கச் சொன்னார்கள். கணக்கியலில் இப்போது செய்முறைப் பாடமும் வந்துவிட்டதா என்று கலாதேவி யோசித்தாள். விருது விஷயத்தைச் சொன்னாள். வேண்டாம் மிஸ், வேற யாருக்காவது குடுங்க என்றான். என்ன அடக்கமான பையன் என்று அவள் அதையே நாலு வரியில் முதல் வரியாக எழுதினாள்.

விழா நாள் காலையில் அவள் மாடிப்படியில் நின்று விருந்தினர்களை வரவேற்றுக்கொண்டிருந்தாள். கீழே ஒரு வேனிலிருந்து பட்டுச்சேலைகள் ஒவ்வொன்றாக இறங்கின. முன்னால் நீலச் சட்டை போட்ட ஓர் இளைஞன் ஏறி வந்தான்.

“மிஸ், ஹால் எந்தப் பக்கம்?”

“நீங்க மாணவரோட உறவா தம்பி?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். “நான்தான் மிஸ், ஷர்வின்.”

மண்டபம் கணக்கியல் வகுப்புக்கு அடுத்த கதவு. இரண்டாம் ஆண்டு மாணவன் கண்ணைக் கட்டிவிட்டாலும் போய்ச் சேர்ந்துவிடுவான். கலாதேவிக்குப் போனில் கேட்ட கீச்சொலி இப்போது புரிந்தது. அவனை ஓரமாக இழுத்துக் கேட்கலாம் என்று கையை நீட்டினாள். அதற்குள் அவன் அம்மா காளியம்மா மூச்சு வாங்க மேலே வந்துவிட்டாள். கோலகங்சாருக்கு வெளியே ஒரு பழைய தோட்டத்திலிருந்து இரண்டு அண்ணிகளையும் ஒரு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“நீங்கதான் டீச்சராம்மா? புள்ளய நல்லாப் பாத்துக்கிட்டீங்க,” என்று கலாதேவியின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். கலாதேவி அவளை மண்டபத்துக்குக் கூட்டிப் போனாள்.

மேடையில் தர்மேந்திரன் நீளமாகப் பேசினார். வருகையே வாழ்க்கை என்றார். பின்னால் இருந்த பதாகையில் ஷர்வினின் அடையாள அட்டைப் படம் ஆளுயரத்துக்குப் பெரிதாகியிருந்தது. கேடயத்தைக் கொடுத்துவிட்டு ஒலிவாங்கியை அவன் வாயருகே நீட்டினார்.

“ஒரு நாள்கூட விடாம வந்திருக்கீங்க. எப்படி முடிஞ்சது?”

“நண்பர்கள் ஆதரவுதான் சார்,” என்றான் ஷர்வின்.

கைதட்டல் எழுந்தது. கடைசி வரிசையில் தீபன் என்ற மாணவன் குனிந்து சப்பாத்துக் கயிற்றைக் கட்டத் தொடங்கினான். அவன் சட்டைப் பையில் ஒரு கைப்பேசியும் காற்சட்டைப் பையில் இன்னொன்றும் துருத்திக்கொண்டிருந்தன. கலாதேவி பார்த்தாள். அவள் பார்ப்பதை அவனும் பார்த்தான். கயிற்றுக்கு முடிச்சு விழவே இல்லை.

விழா முடிந்து எல்லாரும் மீகோரெங் நூடுல்ஸ் தட்டோடு நின்றபோது காளியம்மா ஓர் ஆசையைச் சொன்னாள். மகன் உட்கார்ந்து படிக்கிற இடத்தை அவள் பார்க்க வேண்டும். அங்கே அவனை உட்கார வைத்து ஒரு படம் எடுக்க வேண்டும். தர்மேந்திரன் மகிழ்ந்து போய்க் கலாதேவியை அனுப்பினார்.

வகுப்பில் தினேஸ்வரி காகிதக் குவளைகளில் சிராப் தண்ணீர் ஊற்றி வைத்துக்கொண்டிருந்தாள். ஷர்வின் வாசலிலேயே நின்றான். வரிசை வரிசையாக நாற்காலிகள். எது தன்னுடையது என்று அவனுக்குத் தெரியாது என்பது அவன் கழுத்து அங்குமிங்கும் திரும்பியதிலேயே தெரிந்தது. காளியம்மா கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள்.

“எதுய்யா உன் எடம்?”

தினேஸ்வரி அவனைப் பார்த்தாள், அவன் அம்மாவைப் பார்த்தாள், குவளையைக் கீழே வைத்தாள்.

“இந்தா ஆன்ட்டி, இதுதான். எனக்குப் பக்கத்து நாற்காலி. ஷர்வின் இங்கதான் உக்காருவாரு.”

காளியம்மா அந்த நாற்காலியின் முதுகைத் தடவிப் பார்த்தாள். தூசியைச் சேலைத் தலைப்பால் துடைத்தாள். அதைப் பார்க்க ஷர்வினால் முடியவில்லை.

“அம்மா, நான் இங்க உக்காந்ததே இல்ல. இந்தப் பொண்ண நான் இன்னிக்கித்தான் பாக்குறேன்.”

அவன் சொல்லச் சொல்ல அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். முதல் ஆண்டில் வேறு மாடியில், வேறு பிரிவில் இருந்தான். பாடம் ஒன்றும் ஏறவில்லை, எப்படியோ தேறினான். உதவி கேட்கலாம் என்று ஆதரவுப் பிரிவுக்கு வந்தான். அறை பூட்டியிருந்தது. மறுபடியும் வந்தான், மாணவர் நலன் பற்றிய கருத்தரங்குக்குப் போயிருப்பதாக எழுதி ஒட்டியிருந்தார்கள். அம்மாவிடம் சொல்லப் பயம். கமுந்திங்கில் ஒரு பெக்டரியில் ஆள் எடுத்தார்கள், போய்விட்டான். ஆப் இருந்த கைப்பேசியை மட்டும் தீபனிடம் கொடுத்து வைத்துவிட்டு, தன் எண்ணுக்கு வேறொன்று வாங்கிக்கொண்டான். தினமும் காலையில் பையை மாட்டிக்கொண்டு கிளம்புவான். சாலை முக்கில் ஈப்போ பக்கம் திரும்பாமல் எதிர்ப்பக்கம் திரும்புவான்.

“அப்ப நான் கட்டிக் குடுத்த சோறு?”

“பெக்டரியிலதாம்மா சாப்பிட்டேன். இப்ப என்னய லைன் லீடரா போட்டிருக்காங்க.”

காளியம்மா தான் துடைத்த நாற்காலியில் தானே உட்கார்ந்துவிட்டாள். தினேஸ்வரி ஒரு குவளையைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள்.

“நீ ஏம்மா பொய் சொன்ன?”

“பாவமா இருந்திச்சி ஆன்ட்டி. வகுப்புல இல்லன்னு சொன்னா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். நான் தெனமும் வர்றேன், என்னய வரலைன்னு பரீட்சை எழுத விடாம வச்சிருக்காங்க.”

காளியம்மா கலாதேவியைப் பார்த்தாள். கலாதேவி ஆமாம் என்று தலையாட்டினாள். சிராப்பை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் காளியம்மா எழுந்தாள். மகன் கையிலிருந்த கேடயத்தை வாங்கிக்கொண்டு நேராகத் தர்மேந்திரன் அறைக்கு நடந்தாள். கலாதேவியும் பின்னால் போனாள். ஷர்வினும் தினேஸ்வரியும் அவர்களுக்குப் பின்னால்.

“சார், இத வாங்கிக்குங்க. எம்மவன் இங்க படிக்க வரலையாம்.”

தர்மேந்திரன் சிரித்தார். ஷர்வின் விவரத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது. அவர் கண் திரைக்குப் போனது. அங்கே ஷர்வினின் புள்ளி மற்ற எல்லாப் புள்ளிகளையும்விடப் பச்சையாக இருந்தது.

“நூறு விழுக்காடுன்னு காட்டுதே அம்மா.”

“அது காட்டுறத நான் கேக்கல சார். அவனே வரலங்குறான்.”

“கொடுத்த விருதத் திருப்பி வாங்க நடைமுறை இல்ல. பதாகை அடிச்சாச்சி. தர நிர்ணயக் குழுவுக்குப் படமும் அனுப்பியாச்சி.” அவர் கேடயத்தை மெல்ல அவள் பக்கம் தள்ளினார்.

அவள் திரும்பவும் அவர் பக்கம் தள்ளினாள். “வராதவனுக்குக் குடுத்துட்டீங்க. சரி. வந்த புள்ளய ஏன் வெளிய நிறுத்துறீங்க? வெளியில நாங்க வந்த வேன் நிக்குது. எங்க அண்ணிமாருங்க சும்மா போக மாட்டாங்க சார், போற எடமெல்லாம் சொல்லுவாங்க.”

கலாதேவி மேசைக்கு அருகே வந்து நின்றாள். “சார், குழு வந்தா ஆதரவுப் பிரிவையும் பாப்பாங்க. என்னக் கேட்டா நான் என்ன சொல்லட்டும்? அவங்ககிட்ட நான் பொய் சொல்ல மாட்டேன்.”

தர்மேந்திரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாட்டினார். கணினியை இழுத்து, கடவுச்சொல்லைத் தட்டினார். யாரும் கை வைக்க முடியாத சிஸ்டத்தில் ‘சிறப்புத் திருத்தம்’ என்று ஒரு பொத்தான் இருந்தது. அவர் அதை அழுத்திய லாகவத்தைப் பார்த்தால் இதுதான் முதல் தடவை என்று தோன்றவில்லை. சுவரில் ஒரு சிவப்புப் புள்ளி பச்சையானது.

“முடிஞ்சிருச்சா மிஸ்?” என்று தினேஸ்வரி கேட்டாள்.

“முடிஞ்சிருச்சி.”

அவள் அழவில்லை. சந்தோஷப்பட்டதாகவும் தெரியவில்லை. “அப்ப நான் குவளையெல்லாம் எடுத்து வச்சிட்டு வகுப்புக்குப் போறேன். ஷாஹித் சார் மதியம் வச்சிருக்கார்,” என்று போய்விட்டாள்.

வேனில் ஏறும்போது காளியம்மா மகனை முன்னால் தன் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். வழியெல்லாம் திட்டுவாள் என்று அவன் நினைத்திருப்பான். லைன் லீடர்னா என்ன வேலை, எத்தன பேரு உங்கீழ என்று அவள் கேட்டதுதான் கலாதேவியின் காதில் விழுந்தது.

தினேஸ்வரி பரீட்சை எழுதித் தேறினாள். ஷர்வின் முறைப்படி கல்லூரியிலிருந்து விலகிக்கொண்டான். தீபனை யாரும் கேட்கவில்லை. கேட்டால் மற்றதையும் கேட்க வேண்டியிருக்கும். கலாதேவி ஓவர்டைம் இல்லாமலே வகுப்பு முடிந்த பிறகு தன் அறையைத் திறந்து வைக்கத் தொடங்கினாள். பை நாற்காலியை ஓரமாகத் தள்ளிவிட்டு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டாள். ஒரு சிவப்புப் புள்ளியை ஒரே நாளில் பச்சையாக்கிய ஆதரவுப் பிரிவின் வெற்றி குழுவுக்குப் போன அறிக்கையில் இரண்டு பக்கம் வந்தது.

அடுத்த மாதம் தர்மேந்திரன் அவளைக் கூப்பிட்டனுப்பினார். திரையின் முன் கவலையோடு நின்றிருந்தார். கல்லூரியின் மொத்த வருகை விழுக்காடு கொஞ்சம் இறங்கியிருந்தது.

“கணக்கியல்லதான் அடி விழுந்திருக்கு,” என்றார். “அந்த ஷர்வின் போனதுலேருந்து.”

“ஆமா சார்.”

“நல்லா வந்துக்கிட்டிருந்த பையன், மிஸ் கலா.” அவர் குரலில் உண்மையான துக்கம் இருந்தது. “இப்படி ஒரு பிள்ளைய நாம விட்டிருக்கக் கூடாது.”

கலாதேவி திரும்பினாள். எதிரே தன் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் யாரோ வந்து உட்கார்ந்திருப்பது கண்ணாடி வழியே தெரிந்தது.

“ஆள் காத்துக்கிட்டிருக்காங்க சார், வாரேன்,” என்று சொல்லிவிட்டு வெளியே போனாள்.