ஆள் ஏறும் கயிறு

கிட்ட வந்து உட்காருங்க, கண்ணுங்களா. தரை சில்லுன்னு இருக்கும், காலைப் போர்வைக்குள்ள விட்டுக்கோங்க. உங்களுக்கு ஐடாவோட ஸ்வெட்டர் கதையைச் சொல்றேன். நடுவுல சிரிப்பு வந்தா சிரிங்க, ஐடாவே சிரிச்சவதான். கடைசி வரைக்கும் சிரிக்க முடியுமான்னு மட்டும் என்னால வாக்குக் குடுக்க முடியாது.

அன்றைக்குக் காலை கஞ்சிக் குக்கரை அடுப்பில் ஏற்றிவிட்டு, கணவர் மாணிக்கராஜின் கட்டிலுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, ஐடா பின்னல் ஊசிகளைக் கையில் எடுத்தாள். தங்கச் சுரங்கத்து ஊரான பாலகாட்டில், குவார்ட்டர்ஸ் வரிசையின் கடைசி வீடு அது. மகன் லாய்டும் மருமகள் ஈவ்லினும் இருட்டோடு ரயிலைப் பிடித்து பெங்களூருக்கு வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருவார்கள். நடுவில் இருக்கும் பகல் முழுக்க ஐடாவும் மாணிக்கராஜும்தான். அவருக்கு நுரையீரலில் மைன்ஸ் தூசி, தலைக்குள் மறதி. எழுப்பி உட்கார வைக்க வேண்டும், துடைக்க வேண்டும், ஊட்ட வேண்டும், ஈரமான விரிப்பை உருவிக் காயப்போட வேண்டும். குழாயில் தண்ணீர் வந்தால் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓட வேண்டும். இவற்றுக்கு நடுவே குக்கர் விசில் வருவதற்குள், பக்கெட் நிரம்புவதற்குள் கிடைக்கும் சந்துபொந்துகளில்தான் ஐடாவின் பின்னல் உயிரோடு இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் சர்ச்சு மாதர் சங்கத்தில் கற்றுக்கொண்டது. அன்றிலிருந்து அவள் பின்னிக் கொடுக்காத ஆள் இல்லை. புருஷனுக்கு ராத்திரி ஷிப்டுக்கு, லாய்டுக்கு ஸ்கூல் கலரில், பாஸ்டரம்மாவின் பிள்ளைகளுக்கு, யார் வீட்டிலோ பிறந்த குழந்தைக்கு. தனக்கென்று ஒன்று போட்டதில்லை. இந்த வருசம்தான் பங்காருபேட்டைக் கடையில் கத்தரிப்பூ நிறத்தில் உல்லன் நூலைப் பார்த்தாள், கை அதை விடவில்லை. யாருக்கு என்று கடைக்காரர் கேட்டபோது தனக்கு என்று சொல்ல நாக்கு கூசியது. மருமகளுக்கு என்று சொல்லி வாங்கி வந்தாள். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு அதைப் போட்டுக்கொண்டு போக வேண்டும். சர்ச்சுக்குப் போய் இரண்டு வருசம் ஆகிறது. குடும்பமாகச் சேர்ந்து போக வசதியாக, அந்த ஒரு காலைக்கு மட்டும் மாணிக்கராஜைப் பார்த்துக்கொள்வதாகப் பக்கத்து வீட்டு ஷோபா ஒப்புக்கொண்டிருந்தாள்.

கழுத்தில் ஆரம்பித்து இடுப்புக்கு இறங்கும் பின்னல் அது. கழுத்து முடிந்து தோள் இறங்கிக்கொண்டிருந்தது. ஸ்டீல் ஊசிகள் இரண்டும் டிக், டிக் என்று தட்டிக்கொள்ள, மாணிக்கராஜ் கண்ணைத் திறந்தார்.

“பெல்லு அடிக்கிறாங்க ஐடா. ஆளுங்க கீழ கீறாங்க. ஏத்தணும்.”

அவர் வைண்டிங் டிரைவராக இருந்தவர். ஷாஃப்டுக்குள், அந்த ஆழக் குழிக்குள், ஆட்களை இறக்கி ஏற்றும் கேஜ் என்ற இரும்புக் கூண்டைக் கயிற்றில் இழுக்கும் பெரிய இன்ஜின் அவர் கையில் இருந்தது. கீழே என்ன நடக்கிறது என்று மேலே இருப்பவருக்குத் தெரியாது. பெல் சத்தம்தான் பேச்சு. கல் ஏறினால் ஒரு கணக்கு, ஆள் ஏறினால் வேறு கணக்கு. அந்தச் சத்தத்துக்குக் காது கொடுத்தே வயசானவர், இப்போது ஊசிச் சத்தத்துக்குக் கை நீட்டினார். ஐடாவின் மடியிலிருந்து நூலைப் பிடித்தார். அவள் சுதாரிப்பதற்குள் ஊசி உருவிக்கொண்டு விழுந்தது. அவர் கைமாற்றிக் கைமாற்றி, அவசரப்படாமல், ஒரே வேகத்தில் இழுத்தார். வரிசை வரிசையாகப் பின்னல் பிரிந்தது. தோள் போயிற்று, கழுத்து போயிற்று. கடைசிக் கண்ணியும் அவிழ்ந்ததும் அவர் மூச்சு விட்டார். மேல வந்துட்டாங்க என்றார். பிறகு ஒரு பேச்சு பேசாமல் கிண்ணம் நிறையக் கஞ்சியைக் குடித்தார். ஒவ்வொரு வாய்க்கும் கெஞ்ச வைக்கிற மனுஷன்.

ஷோபாவிடம் இதைச் சொன்னபோது அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “கம்பெனி மூடி இவ்ளோ வருசம் ஆச்சி, மாமா ஒருத்தர்தான் இன்னும் டூட்டில கீறாரு. இன்னா, ஓவர்டைம் உண்டாக்கா?” ஐடாவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடித்து வீட்டுக்குள் வந்து, கட்டிலைச் சுற்றிச் சுருள் சுருளாகக் கிடந்த நூலை உருண்டை சுற்ற உட்கார்ந்தாள்.

சத்தம்தானே காரணம் என்று பிளாஸ்டிக் ஊசி வாங்கிப் பார்த்தாள். அது இன்னும் மோசம். ஊசி அசைவது தெரிகிறது, பெல் கேட்கவில்லை, கீழே என்னமோ ஆகிவிட்டது என்று அவர் கட்டிலை விட்டு இறங்கப் பார்த்தார். பின்னலையே விட்டுவிட்டாலும், சாப்பாட்டு நேரம் ஆனால் பெல் எங்கே என்று தேடினார். லாய்ட் ஒரு கயிற்றைக் கட்டில் காலில் கட்டிக் கொடுத்துவிட்டுப் போனான். அவர் ஒரு தடவை இழுத்துப் பார்த்துக் கீழே போட்டார். வெறும் நூல் உருண்டையைக் கொடுத்தாள். அது தடையில்லாமல் ஓடி வந்தது. காலி கேஜ் என்றார். நிறைந்த கேஜ் எது, காலி கேஜ் எது என்று அந்தக் கைக்குத் தெரியும். ஒவ்வொரு கண்ணியும் கொஞ்சம் பிடித்து, கொஞ்சம் விட்டு, கனத்தோடு பிரிந்து வர வேண்டும். அப்போதுதான் அதில் ஆள் இருக்கிறார்கள். அப்போதுதான் வாய் திறக்கும்.

ஈவ்லின் நல்ல பெண். மாமியார் படும் பாட்டைப் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை மெதுவாகச் சொன்னாள்: “எதுக்கு அத்தை இவ்ளோ கஷ்டம்? சைஸ் சொல்லுங்க, ஆன்லைன்ல போட்டுடறேன். ரெண்டு நாள்ல வந்துடும்.”

ஐடா அவள் கன்னத்தைத் தட்டி, உனக்கு ஒன்று வாங்கிக்கொள் கண்ணு என்று சொல்லிவிட்டுப் பாத்திரம் கழுவப் போனாள். அந்த ஸ்வெட்டர் குளிருக்கு இல்லை என்று சொன்னால் பிறகு எதற்கு என்று கேட்பாள். நாளெல்லாம் பிறத்தியாரைப் புரட்டிப் படுக்க வைக்கிற இந்தக் கை, எப்போதாவது தன் உடம்பை அளந்து பார்க்கட்டுமே என்பதற்கு.

லாய்டின் பழைய ஸ்கூல் ஸ்வெட்டரைப் பிரித்து, அந்த நூலில் கணவருக்கென்று ஒரு பட்டை பின்னினாள். காலையில் பின்னுவாள், சாப்பாட்டு வேளைக்கு அவர் பிரிப்பார். சாயங்காலம் மறுபடி பின்னுவாள், மறுபடி ஆட்களை ஏற்றுவார். இருந்த சந்துபொந்து நேரமெல்லாம் அந்தப் பட்டைக்கே சரியாகப் போயிற்று. கத்தரிப்பூ நூலை ஷோபா வீட்டில் கொடுத்து வைத்திருந்தாள். அவர் தூங்கும் நேரத்தில், இரண்டு வீட்டுக் கதவையும் திறந்து வைத்துவிட்டு, அவருடைய இருமலுக்கு ஒரு காதைக் கொடுத்துக்கொண்டு, ஷோபா வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து பின்னுவாள். சில நாள் ஒரு வரிசை. சில நாள் அதுவும் இல்லை. சங்கத்துப் பெண்கள் அந்தப் பக்கம் போகும்போது கை காட்டுவார்கள். அவளும் ஊசியோடு கையைத் தூக்குவாள்.

அப்படியே தோள் இறங்கி, கை இறங்கி, இடுப்பும் வந்து, கிறிஸ்மஸுக்குச் சில நாள் முன்னால் முடிந்துவிட்டது. பட்டன்தான் வாங்க வேண்டும். ஷோபா தன் வீட்டுக் கண்ணாடி முன்னால் நிறுத்தி, முன்பக்கத்தில் ஊக்கு குத்திவிட்டாள். “யக்கா, யாரு இது? மாமா பாத்தா தனக்கு ரெண்டாவது பொண்ணு பாத்து வெச்சிட்டாங்கன்னு நெனைப்பாரு.” ஐடா தன் தோளைத் தானே தடவிப் பார்த்துக்கொண்டாள். இளஞ்சூடாக இருந்தது. கழற்ற மனம் வராமல் அதைப் போட்டுக்கொண்டே வீட்டுக்கு வந்தாள்.

மாணிக்கராஜ் விழித்திருந்தார். மடியில் பழைய பட்டை. எத்தனையோ தடவை பின்னிப் பிரித்த நூல், பஞ்சு பஞ்சாக நைந்து போயிருந்தது. அவள் வருவதற்குள் இழுக்க ஆரம்பித்திருந்தார். அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அறுந்தது.

அவர் கத்தவில்லை. கையிலிருந்த நுனியைப் பார்த்தார். உதடு மட்டும் அசைந்தது. “கயிறு போச்சி ஐடா. ஆளுங்க உள்ள கீறாங்க.”

அறுந்த இடத்தை முடிச்சுப் போட்டுக் காட்டினாள். முடிச்சுப் போட்ட கயிற்றில் ஆள் ஏற்றுவார்களா என்பது போலப் பார்த்தார். அன்று மத்தியானம் அவர் வாயைத் திறக்கவில்லை. ராத்திரியும் இல்லை. லாய்ட் பக்கத்தில் உட்கார்ந்து, டாடி, எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்க என்று சொல்லிப் பார்த்தான். அவர் அவனைத் தெரியாத ஆளைப் பார்ப்பது போலப் பார்த்துவிட்டு, ஃப்ரெடி வந்தானா, சுந்தரராஜ் வந்தானா என்று பேர் பேராகக் கேட்டார். கூட வேலை செய்தவர்கள். யாரும் இப்போது இல்லை. மறுநாள் மாத்திரையையும் துப்பினார். வந்து பார்த்த நர்ஸம்மா, தண்ணீராவது இறங்கவில்லை என்றால் தாங்க மாட்டார், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் மூக்கில் குழாய் வைக்க வேண்டியதுதான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த நாள் காலை லாய்டும் ஈவ்லினும் தயங்கித் தயங்கி ரயிலுக்குப் போனார்கள். சாயங்காலம் சீக்கிரமே வந்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகலாம் என்றான் லாய்ட். பனி ஜன்னலில் வெள்ளையாக ஒட்டியிருந்தது. ஐடா குளிருக்குக் கத்தரிப்பூ ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தாள். வேறு நூலோ, பிரிப்பதற்குப் பழைய பின்னலோ வீட்டில் இல்லை. பங்காருபேட்டைக் கடை திறந்து, நூல் வாங்கி வந்து, ஒரு பட்டை பின்னி முடிக்கும்வரை அந்த உதடுகள் காய்ந்துகொண்டே இருக்கும். கிண்ணத்தைக் கீழே வைத்தாள். பிறகு ஸ்டீல் ஊசி இரண்டையும் எடுத்துவந்து, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஒன்றால் ஒன்றைத் தட்டினாள்.

அவர் தலை திரும்பியது.

“புதுக் கயிறு போட்டுட்டாங்க,” என்றாள். “கெட்டிக் கயிறு. ஏத்துங்க.”

இடுப்போரத்தில் கடைசியாகப் போட்ட முடிச்சை நகத்தால் கிள்ளி அவிழ்த்து, நுனியை எடுத்து அவர் விரலில் கொடுத்தாள். கழற்றிக் கொடுத்திருக்கலாம். அது அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தாலும் கழற்றியிருப்பாளா என்று சொல்ல முடியாது. அவர் இழுத்துப் பார்த்தார். முதல் கண்ணி பிடித்து, கனத்து, விட்டது. அவர் கண் தெளிந்தது. ஆளு கீறாங்க என்றார். கைமாற்றிக் கைமாற்றி, அவசரப்படாமல் இழுத்தார். நூல் அவள் இடுப்பைச் சுற்றி அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்து, ஒவ்வொரு வரிசையாக மேலே ஏறியது. அவள் ஒரு கையால் ஊக்கைக் கழற்றிக்கொண்டே, மறு கையால் கஞ்சியை ஸ்பூனில் எடுத்து அவர் வாய்க்குக் கொண்டுபோனாள். வாய் திறந்தது. இடுப்பு போய், விலா போய், குளிர் அவள் மார்புவரை வந்துவிட்டது. கிண்ணத்தில் இன்னும் பாதி இருந்தது. அவர் இழுத்துக்கொண்டே இருந்தார். அவள் ஊட்டிக்கொண்டே இருந்தாள்.

எழுந்து போறதுக்கு முன்னால ஒண்ணு, கண்ணுங்களா. உங்க வீட்டுலயும் ஒருத்தி, எல்லாரும் சாப்பிட்ட பிறகு, மடியில எதையோ வெச்சுக்கிட்டு ஒரு மூலையில உட்கார்ந்திருப்பா. உங்க வீட்டு அடுப்பு அணையாம இருக்கட்டும். உங்க வீட்டுல படுத்திருக்கிறவங்க பசியோட தூங்காம இருக்கட்டும். அவ மடியில இருக்கிறதை அவ முடிச்சு, போட்டுக்கிட்டு, வெளியே ஒரு தடவை நடந்து போய்ட்டு வரட்டும்.