நாயைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள்

நாய்ப் பந்தயத்துக்கு இரண்டு பேர் வேண்டும். மைதானத்தின் ஒரு முனையில் நாயைப் பிடித்துக்கொண்டு நிற்க ஒருவர். மறுமுனையில் நின்று அதைக் கூப்பிடச் சொந்தக்காரர். கொடி இறங்கியதும் அங்கே விட வேண்டும், இங்கே கத்த வேண்டும். வீரபாகுவுக்கு ஆரம்பத்தில் இந்தக் கவலை இல்லை. தம்பி சுப்பராயலு கூடவே வந்துகொண்டிருந்தான். அவன் கல்யாணமாகி பெங்களூருக்கு விசைத்தறி ஓட்டப் போன பிறகு, ஆரணி வீட்டில் ஒரு தறியும் வீரபாகுவும் ஜல்தியும் மட்டும் மிஞ்சினார்கள்.

ஜல்தி சிப்பிப்பாறைப் பெட்டை நாய். சந்தன நிறம், ஒட்டிய வயிறு, நீண்ட கால்கள். தெற்கேயிருந்து வந்த லாரி டிரைவர் ஒருவர் குட்டியாகக் கொடுத்துவிட்டுப் போனது. வீரபாகு பட்டு நெய்யும்போது தறிக்குழி ஓரத்தில் படுத்துக் கிடக்கும். தறிச் சத்தத்தில் தூங்கும். சத்தம் நின்றால் தலையைத் தூக்கிப் பார்க்கும். "இரு, இந்த பார்டர் முடியட்டும்" என்பார் அதனிடம். சில நாட்களில் அவர் வாய் திறந்து பேசுவது அது ஒன்றுதான்.

எழுபத்தெட்டாம் வருஷம் மாசி மாதம், ஈரோட்டுக்கு அப்பால் ஒரு கிராமத்துத் திருவிழாப் பந்தயத்துக்கு முதல்முறையாகத் தனியாகப் புறப்பட்டார். பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள். அதனால் ஆரணி ரோடு ஸ்டேஷன் வரை அவர் சைக்கிளில், ஜல்தி பக்கத்தில் ஓடி வரும். அங்கிருந்து சின்ன ரயிலில் காட்பாடி, காட்பாடியில் பெரிய ரயில். நாய்க்கும் டிக்கெட் வாங்கி, கார்டு பெட்டியில் இருக்கும் இரும்புக் கூண்டில் அடைக்க வேண்டும். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் வீரபாகு இறங்கிக் கடைசிப் பெட்டிவரை ஓடுவார். கம்பிக்குள் விரலை விட்டு, "இங்கதான் இருக்கேன், பயப்படாத" என்று சொல்லிவிட்டுத் திரும்ப ஓடி வந்து ஏறிக்கொள்வார்.

எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் கேட்பார்கள். "எங்க போறீங்க?"

"நாய்ப் பந்தயத்துக்கு."

"ஜெயிச்சா என்ன குடுப்பாங்க?"

"சில்வர் குடம்."

"ஒரு குடத்துக்கா இவ்ளோ தூரம்?"

அடுத்த ஸ்டேஷன் வருகிறதா என்று அவர் வாசல் பக்கம் எட்டிப் பார்ப்பார். அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார்கள்.

அந்த முதல் தடவை மைதானத்தில் ஆள் தேடி அலைந்தார். மற்றவர்களுக்கெல்லாம் அண்ணன் தம்பி, மச்சான் என்று கூட்டமாக ஆள் இருந்தது. நாய்களை விடும் முனையில், வேப்பமரத்தடியில் ஒரு பெண் மோர் விற்றுக்கொண்டிருந்தாள். வேறு வழியில்லாமல் அவளிடம் போனார்.

"ஏம்மா, கொஞ்சம் இந்த நாயப் புடிச்சிகினு நிக்கிறீங்களா? கொடி எறங்குனதும் வுட்டுட்டா போதும்."

"கடிக்குமுங்களா?"

"கடிக்காதும்மா."

"அப்பக் குடுங்க."

ஜல்தி இரண்டாவதாக வந்தது. அவர் நன்றி சொல்லத் திரும்பி வந்தபோது, அவள் பானை மூடியில் தண்ணீர் ஊற்றி நாய்க்கு வைத்தாள். பெயர் தனக்கோடி. புருஷன் இறந்துபோய், மாமியாரோடு இருந்தாள்.

அதன் பிறகு ஒவ்வொரு மாசியிலும் அவள்தான் பிடித்துக்கொண்டாள். ஒரு டம்ளர் மோர் குடித்து முடிக்கும் நேரத்துக்குள் பேசிக்கொள்வது எவ்வளவோ அவ்வளவுதான் பேச்சு.

"போன தடவைக்கு எளச்சுப் போச்சுங்களே" என்றாள் ஒரு வருஷம்.

"நாயா?"

"நீங்களுந்தான்."

இந்த ஒரு வார்த்தையை காட்பாடி வரைக்கும் நினைத்துக்கொண்டே வந்தார்.

எண்பத்தொன்றில் பந்தயத்துக்கு முந்தின நாள் மழை கொட்டி மைதானம் சேறாகிவிட்டது. காய்ந்த பிறகுதான் ஓட்டம் என்று தள்ளிவைத்தார்கள். வீரபாகு கோயில் மண்டபத்தில் படுத்துக்கொள்ளலாம். நாயை அங்கே சேர்க்கவில்லை.

"எங்கூட்டுல இருக்கட்டுமுங்க" என்று தனக்கோடி கயிற்றை வாங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தார். ஜல்தியைக் கட்டிப்போட்டிருக்கவில்லை. அடுப்பின் வெதுவெதுப்பில் கால் நீட்டிப் படுத்திருந்தது. மாமியார்க் கிழவி களியை உருட்டி உருட்டி அதன் வாயில் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோழிகள் அதன் வாலைத் தாண்டித் தாண்டிப் போயின. அவரைப் பார்த்து ஜல்தி வாலைத் தரையில் அடித்தது, எழுந்து வரவில்லை. தனக்கோடி கொடுத்த காப்பியை நின்றபடியே குடித்துவிட்டு மண்டபத்துக்கே திரும்பினார்.

மூன்று நாள் வெயிலில் மைதானம் காய்ந்தது. பந்தயத்தன்று கொடி இறங்கியது. ஜல்திதான் எல்லாவற்றுக்கும் முன்னால் வந்தது. அவர் துண்டை வீசிக் கத்தினார். "ஜல்தி! ஜல்தி வா!"

பாதி மைதானத்தில் ஜல்தி நின்றது. மற்ற நாய்கள் இரு பக்கமும் புழுதி கிளப்பிக்கொண்டு தாண்டிப் போயின. அது அவரைப் பார்த்தது. பிறகு திரும்பி, வந்த அதே வேகத்தில், புறப்பட்ட இடத்துக்கே ஓடியது.

கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. "ஆரணி நாய் ஊட்டுக்குப் போகுதுங்கோ!" என்று ஒலிபெருக்கியில் ஒருவன் கத்தினான்.

அத்தனை பேர் பார்க்க, வீரபாகு மைதானத்தின் நீளம் முழுவதும் நடந்து வந்தார். ஜல்தி தனக்கோடியின் முழங்கால்களுக்கு நடுவே தலையைப் புதைத்துக்கொண்டு நின்றது.

"நான் கூப்புடலீங்க. சத்தியமா கூப்புடவே இல்லீங்க" என்றாள்.

"தெரியும்."

குனிந்து கயிற்றைக் கட்டினார்.

"ஏனுங்க, இனி வரமாட்டீங்களா?"

"வந்து இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

திரும்பும் ரயிலில் அவர் முதல் சில ஸ்டேஷன்களில் இறங்கவில்லை. சேலத்தில் வண்டி நின்றபோது கடைசிப் பெட்டியிலிருந்து ஜல்தி ஊளையிடுவது கேட்டது. உட்கார்ந்தே இருந்தார். அது செய்ததில் என்ன தப்பு என்று யோசித்தார். ஒன்றும் அகப்படவில்லை. சூடான அடுப்படி, கொஞ்சுகிற கை. அவருக்கும் காப்பி குடித்த அந்தக் காலையில் திரும்பி நடக்க மனம் வரவில்லையே. ஜோலார்பேட்டையில் தாங்க முடியாமல் ஓடினார். கம்பிக்குள் நுழைந்த விரலை ஜல்தி நக்கியது. கார்டு கொடி காட்டி விரட்டும் வரை அங்கேயே நின்றார்.

அந்த வருஷம் முழுவதும் நெய்தார். பொங்கலுக்கு மேல் ஜல்திக்குப் பின்னங்கால் வீங்கி ஓட்டம் போய்விட்டது. இனி பந்தயமில்லை என்று, யாரும் கேட்காமலேயே, பக்கத்து வீட்டுக்காரர்களிடம் அவராகவே சொன்னார். மாசி வந்தது. ஒரு விடியற்காலையில் சைக்கிளுக்குக் காற்றடித்தார். ஆரணி ரோடு வரை ஏறாமல், நாய் நடக்கிற நடைக்குத் தள்ளிக்கொண்டே போனார்.

வேப்பமரத்தடியில் தனக்கோடி நிமிர்ந்து பார்த்தாள். முதலில் நாயையும் பிறகு அவரையும் பார்த்தாள்.

"பேரு குடுத்தாச்சுங்களா?"

"இல்ல. இதால ஓட முடியாது. சும்மாதான் வந்தோம்."

"அவ்வளவு தூரத்துல இருந்து சும்மாவா?"

"ஆமாம்மா."

அவள் ஒரு டம்ளர் மோரை ஊற்றி அவரிடம் நீட்டினாள். ஜல்தி மோர்ப்பானை நிழலில் போய்ப் படுத்தது. அவர் சொம்பைக் கழுவிக் கொடுத்தார். தம்பியைப் பற்றிச் சொன்னார். இரண்டு வருஷமாக அவன் ஊர்ப்பக்கம் வரவில்லை என்பதையும் சொன்னார். இதை யாரிடமும் அவர் சொன்னதில்லை.

கடைசி ஓட்டத்துக்கு நாய்களைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தனக்கோடி மைதானத்தின் அந்தக் கோடியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இத்தன வருசத்துல நாய வுடறதத்தான் பாத்திருக்கறேன். போய்ச் சேர்றதப் பாத்ததே இல்லீங்க."

"போய்ப் பாத்துட்டு வாங்க. கடைய நான் பாத்துக்கறேன்."

"மோர் ஊத்தத் தெரியுமுங்களா உங்களுக்கு?"

"இதுல இன்னா இருக்குது?"

அவள் சிரித்துவிட்டு, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கூட்டத்தின் ஓரமாக வேகமாக நடந்தாள். வீரபாகு பானைக்குப் பின்னால் உட்கார்ந்தார். முதல் டம்ளரில் பாதி கீழே கொட்டியது. இரண்டாவது ஆள் உப்பு போதவில்லை என்றார். கொடி இறங்கியது, புழுதி எழும்பியது, கொஞ்ச நேரத்தில் அந்தக் கோடியில் ஒரே கூச்சல். உட்கார்ந்த இடத்திலிருந்து அவருக்கு ஒன்றுமே தெரியவில்லை. ஜல்தி ஒரு காதை மட்டும் தூக்கிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டது.

"ஆருங்க ஜெயிச்சது?" என்று மோர் வாங்க வந்தவர் கேட்டார்.

"தெரியலிங்க" என்றார் வீரபாகு. "அவங்க வந்து சொல்லுவாங்க."