முதலில் குடித்தது

வரிசையில் நின்றபடியே ஆனிகா விழா வரைபடத்தை மறுபடியும் விரித்தாள். கையுறையோடு விரிக்க வரவில்லை, கழற்றினால் விரல் விறைத்தது. பிப்ரவரி மாதத்துப் பனியை ஓரமாகத் தள்ளிக் குவித்துவிட்டு, பேஸ்பால் மைதானத்தின் கார் நிறுத்துமிடத்தில் கூடாரம் போட்டுப் பீர் விழா நடத்துவது மிச்சிகன்காரர்களுக்குப் புதிதல்ல. ரோமத் தொப்பியும் பனிக்காலணியுமாக ஊரே வந்திருந்தது. ஏறக்குறைய எல்லோர் கழுத்திலும் பிரெட்செல் மாலை. ஒரு பீருக்கும் அடுத்ததற்கும் நடுவில் கடித்து வாயைச் சுத்தம் செய்துகொள்ள, உப்புத் தூவிய அந்த மொறுமொறு வளையங்களை நூலில் கோத்து மாட்டிக்கொள்வது இங்கே வழக்கம். ஆனிகா தன் மாலையை முந்தின நாளே கோத்துவிட்டாள். வளையங்களுக்கு இடையில் எதற்கும் இருக்கட்டும் என்று பாலாடைக்கட்டித் துண்டுகளையும் செருகியிருந்தாள். செருகிய பிறகு அது சரியா என்று சந்தேகம் வந்தது. பாலாடைக்கட்டியின் கொழுப்பு நாக்கில் படியுமே. பிடுங்கி எடுத்தாள். பிறகு மறுபடியும் செருகினாள்.

பகலில் அவளுக்குப் பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசை வேலை. செவ்வாய்க்கிழமை மாலைகளில் கல்லூரிக்குப் போய்ப் பீர் சுவைக்கும் வகுப்பில் உட்கார்ந்தாள். வகுப்பில் எல்லோரும் ஆரஞ்சுத் தோல், ஈர வைக்கோல், வாட்டிய ரொட்டி என்று அடுக்கும்போது அவளுக்குப் பீர் வாசனைதான் வரும். ஒருமுறை தைரியமாகக் கையைத் தூக்கி, இந்தப் பீரில் ஒன்றுமே இல்லை என்றாள். ஆசிரியர் சிரிக்காமல், அது ஜெர்மனியில் பரிசு வாங்கியது என்றார். அன்றிலிருந்து தன் நாக்கை அவள் முழுதாக நம்புவதில்லை. ஆனால் ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டாள். வெளிறியதில் தொடங்கி, கோதுமை, கசப்பு, கறுப்பு என்று ஏறி, பீப்பாயில் ஊறிய கனமான சரக்கைக் கடைசியில்தான் தொட வேண்டும். வரிசை மாறினால் நாக்கு படுத்துவிடும், அன்றைக்கு எழுந்திருக்காது.

அவளுடைய வரைபடத்தில் முதல் வட்டம் அண்ணன் டெர்க்கின் கூடாரம். வீட்டில் காய்ச்சுபவர்களுக்கென்று இந்த வருடம் கழிப்பறைப் பெட்டிகளுக்குப் பின்னால் ஒரு மூலையை ஒதுக்கியிருந்தார்கள். டெர்க் பதினெட்டு வயதிலிருந்து நாற்காலித் தொழிற்சாலையில் இருக்கிறான். திங்கட்கிழமை வேலையை விட்டுவிட்டு, ஆற்றோரம் பழைய டயர் கடை ஒன்றை வாடகைக்கு எடுத்துப் பீர்க்கடை தொடங்கக் கையெழுத்துப் போடுவதாக இருந்தான். அவன் மனைவி லெனோராவுக்கு ஐந்தாவது மாதம். தொழிற்சாலை வேலை போனால் அதோடு சேர்ந்து மருத்துவக் காப்பீடும் போகும். இதைப் பற்றி வீட்டில் சண்டை எதுவும் நடக்கவில்லை. நடந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று ஆனிகாவுக்குத் தோன்றியது.

காலையில் காரிலிருந்து இறங்கும்போது லெனோரா அவள் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அவன் நான் சொன்னா பயத்துல சொல்றேன்னு நெனைப்பான். நீ சொன்னாத்தான் கேப்பான். நல்லா இல்லன்னா நல்லா இல்லன்னு சொல்லிடு ஆனிகா. எனக்காகக் கேக்கல."

அவளுக்காகத்தான் கேட்டாள். டெர்க்கும் வாரம் முழுக்க அதையேதான் வேறு வார்த்தையில் கேட்டுக்கொண்டிருந்தான். படிச்ச நாக்கு, நீ சொல்லு, அப்புறம் நான் பாத்துக்கறேன் என்று.

கதவு திறந்ததும் ஆனிகா நேரே மூலைக்குத்தான் நடந்தாள். பாதி வழியில் டெர்க்கிடமிருந்து செய்தி வந்தது. குளிரில் எரிவாயுக் குழாய் உறைந்துவிட்டதாம், அரை மணி நேரம் ஆகுமாம். இதற்காகவே காத்திருந்தவள்போல ஷெல்பி அவள் கையைப் பிடித்தாள். ஷெல்பி மருத்துவமனையில் பல் சுத்தம் செய்பவள். எந்த விழாவிலும் எந்த வரிசையிலும் குடிப்பவள்.

"உன் மேப்பை மடிச்சு வைடி. பீப்பாய் ஸ்டவுட்டை இப்பதான் தொறக்கறாங்க. ஒரே ஒரு பீப்பாய். இப்ப போகலன்னா அடுத்த வருஷந்தான்."

ஆனிகா மறுத்தாள். அதைக் கடைசியில்தான் குடிக்க வேண்டும் என்றாள். கடைசியில் இருக்காதே என்றாள் ஷெல்பி. அதுவும் நியாயமாகத்தான் பட்டது. இல்லாத பீரை எந்த வரிசையில் குடிப்பது? கூட்டம் மொத்தமும் ஒரே திசையில் ஓடிக்கொண்டிருந்தது, நின்றால் இடித்துத் தள்ளிவிடுவார்கள். சின்னக் கோப்பைதானே, மூன்று மடக்குதானே என்று அவளும் போய் நின்றாள்.

ஒரு வருடம் விஸ்கிப் பீப்பாயில் கிடந்த அந்தக் கறுப்பு ஸ்டவுட் பீர் தார் மாதிரி இறங்கியது. கருகிய சர்க்கரை, மரம், சாக்லேட். முதல்முறையாக அவளுக்கு எல்லாம் தனித்தனியாகத் தெரிந்தது. தன்னால் முடிகிறது என்ற சந்தோஷத்தில், பக்கத்துக் கூடாரத்தில் மிளகாயும் காப்பியும் போட்ட ஒன்றை ஷெல்பி நீட்டியபோது அதையும் வாங்கிக் குடித்தாள். எங்கோ ஒருவன் கோப்பையைத் தவறவிட்டான். மைதானம் மொத்தமும் 'ஓ' என்று ஒரே குரலில் கூவியது. விழாவில் கோப்பை விழுந்தால் கூவியாக வேண்டும். ஆனிகாவும் கூவினாள்.

டெர்க்கின் கூடாரத்துக்கு வந்தபோது குழாய் சரியாகியிருந்தது. அவன் மூக்கு நுனி சிவந்திருந்தது, கைத்துணியைப் பிழிந்துகொண்டே இருந்தான். பலகையில் பீரின் பெயர்கூட எழுதவில்லை, வெளிறிய சாதாரணப் பீருக்கான பொதுப்பெயராக 'லாகர்' என்று மட்டும் இருந்தது. பழமும் மசாலாவும் போட்டு அசத்தத் தனக்குத் தெரியாமல் இல்லை, ஆனால் இதில்தான் ஒளிந்துகொள்ள இடமே கிடையாது, தப்பு செய்தால் உடனே தெரிந்துவிடும் என்று அவன் அடிக்கடி சொல்வான். வெளிறிய பொன் நிறத்தில், அடியிலிருந்து குமிழ்கள் நூல் பிடித்தாற்போல ஏற, கோப்பையை அவளிடம் கொடுத்தான்.

அவள் குடித்தாள். குளிர்ந்திருந்தது. குமிழ்கள் குத்தின. அவ்வளவுதான். மறுபடியும் ஒரு மடக்கு எடுத்து, வகுப்பில் சொன்னபடி வாயில் உருட்டிப் பார்த்தாள். தண்ணீரை உருட்டுவது போலிருந்தது. பின்னாலிருந்து மிளகாய் மட்டும் மெல்ல எரிந்தது.

"எப்படி?" என்றான் டெர்க்.

அவள் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். பீரில் ஒன்றும் இல்லையா, நாக்கில் ஒன்றும் இல்லையா? அந்த ஜெர்மன் பீரிலும் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை, அது பரிசு வாங்கியது. ஆகவே இதுவும் நல்ல பீராக இருக்கலாம். அல்லது இது வெறும் தண்ணீராகவே இருக்கலாம். நன்றாக இருக்கிறது என்றால் திங்கட்கிழமை ஒரு குடும்பத்தின் காப்பீடு போய்விடும். நன்றாக இல்லை என்றால் அவன் இன்னும் இருபது வருடம் நாற்காலிக்கு ஆணி அடிப்பான், அதுவும் அவள் பேச்சைக் கேட்டு. எதைச் சொன்னாலும் அவன் நம்புவான் என்பதுதான் பயமாக இருந்தது.

"இரு. இப்பதான் கனமானது ஒண்ணு குடிச்சேன். கொஞ்சம் கழிச்சு வரேன்," என்றாள்.

"நீயா?" என்றான் டெர்க். அவன் திட்டியிருந்தால் தேவலை.

அவள் தீ எரியும் இரும்புப் பீப்பாயின் பக்கத்தில் நின்று மாலையிலிருந்து பிரெட்செல்லை ஒவ்வொன்றாகக் கடித்தாள். தண்ணீர் குடித்தாள். யாரும் மிதிக்காத இடமாகப் பார்த்துப் பனியை எடுத்து நாக்கில் வைத்துக்கொண்டாள். பாலாடைக்கட்டியைத் தின்னலாமா வேண்டாமா என்று யோசித்து, தின்றுவிட்டு, வருந்தினாள். அங்கிருந்து டெர்க்கின் குழாய் தெரிந்தது. ஆட்கள் வந்தார்கள், குடித்தார்கள், நல்லாயிருக்கு என்று தலையாட்டிவிட்டுப் போனார்கள். யாரும் இரண்டாவது கோப்பை கேட்கவில்லை. சரி, அதுதான் பதில் என்று ஒரு கணம் நினைத்தாள். பிறகுதான் ஒரு தாடிக்காரரின் மீசையில் பழுப்பு நுரை காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்த்தாள். அடுத்து வந்தவரின் உதட்டோரத்திலும் அதே கறை. எல்லோரும் கதவு திறந்ததும் அந்தப் பீப்பாய்க்குத்தான் ஓடியிருந்தார்கள். இந்த மைதானத்தில் உயிரோடு ஒரு நாக்கு இல்லை. இவர்கள் தலையாட்டலுக்கும் அர்த்தமில்லை, இரண்டாவது கேட்காததற்கும் அர்த்தமில்லை.

லெனோரா தீயின் எதிர்ப்பக்கத்தில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கையில், குடிக்காமல் வண்டி ஓட்டுபவர்களுக்கான மஞ்சள் பட்டை. அதைக் காட்டினால் இலவசமாகக் கிடைக்கும், போதையில்லாத இனிப்புப் பானமான ரூட் பீரைத் திறக்காமல் மடியில் வைத்திருந்தாள். கம்பளித் துணியால் மூக்கை மூடியிருந்தாள்.

"குளிரா?" என்றாள் ஆனிகா.

"நாத்தம். அங்க வெங்காயம் வதக்கறான். உன் கையில பாலாடைக்கட்டி வாடை. அந்த ஆள் நேத்து போட்ட சட்டையையே போட்டிருக்கான்."

மூன்றாவது மாதத்திலிருந்தே அவள் அப்படித்தான். டெர்க் கார் கொட்டகையில் பார்லியைக் கொதிக்க வைத்தால் மாடியில் அவள் வாந்தி எடுப்பாள். கொட்டகைக் கதவின் இடுக்கில் ஈரத் துண்டை வைத்து அடைத்த பிறகுதான் அவன் அடுப்பையே பற்றவைப்பான்.

டெர்க் கையசைத்துக் கூப்பிட்டான். ஆனிகா போனபோது குழாய் இருமி இருமி நுரையாகக் கக்கியது. அவன் கோப்பையைச் சாய்த்து, பொறுமையாக, நுரை அடங்க அடங்க நிரப்பினான்.

"தீந்துபோச்சு. இதான் கடைசி." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "சும்மா ஆறுதலுக்குச் சொல்லாத, ஆனி. உள்ளதைச் சொல்லு."

அவள் அங்கேயே ஒரு சிறு மடக்கு குடித்தாள். இப்போது ஏதோ இருந்தது. ரொட்டியின் மேற்பொருக்கு மாதிரி ஒன்று. ஆனால் அவள் அரை மணி நேரமாகப் பிரெட்செல் தின்றுகொண்டிருக்கிறாள். வாயிலிருப்பது பீரின் ரொட்டியா, மாலையின் ரொட்டியா? நின்று யோசிக்க யோசிக்க, இருந்ததும் போய்விட்டது.

என்ன செய்கிறோம் என்று முழுதாகத் தெரியாமலேயே அவள் கோப்பையை எடுத்துக்கொண்டு தீயை நோக்கி நடந்தாள். பின்னால் டெர்க் ஏதோ கேட்டான், திரும்பவில்லை. இது சரியா என்ற கேள்வி ஒவ்வோர் அடியிலும் கூடவே வந்தது. லெனோரா ஒற்றைச் சொல்லில் எல்லாவற்றையும் முடித்துவிடலாம். முகத்தைச் சுளித்தாலே போதும், சுளிக்க அவளுக்குக் காரணமும் இருக்கிறது. யாரும் அவளைக் குற்றம் சொல்ல முடியாது. இவ்வளவும் தெரிந்தே ஆனிகா கோப்பையை அவள் முன்னால் நீட்டினாள்.

"குடிக்க வேண்டாம். மோந்து மட்டும் பாரு."

"என்னையா கேக்கற?" என்றாள் லெனோரா.

"உன்னைத் தவிர எல்லாரும் ஸ்டவுட் குடிச்சுட்டாங்க. நானும்."

லெனோரா அவளை நிமிர்ந்து பார்த்தாள். கூடாரத்தில் டெர்க் கைத்துணியைப் பிடித்தபடி அசையாமல் நின்றிருந்தான். பனி மறுபடியும் விழத் தொடங்கியிருந்தது, காற்று இல்லாததால் நேராக, அவசரமில்லாமல். லெனோரா மூக்கை மூடியிருந்த துணியை ஒரு விரலால் கீழே இழுத்தாள். ரூட் பீரைத் தரையில் வைத்துவிட்டு, இரண்டு கையுறைகளாலும் கோப்பையை வாங்கி, வாந்தி வந்தால் தள்ளிப் பிடிக்கத் தயாராக உடம்பைச் சற்றுப் பின்னுக்கு வைத்துக்கொண்டு முகர்ந்தாள்.

எங்கோ தூரத்தில் யாரோ கோப்பையைப் போட்டு உடைத்தார்கள். மைதானம் முழுதும் 'ஓ' என்று கூவியது. ஆனிகாவின் வாய் தானாகத் திறந்து, சத்தம் வராமல் நின்றது. லெனோரா திரும்பவில்லை. கண்ணை மூடியிருந்தாள். ஒரு பனித்துகள் கோப்பைக்குள் இறங்கி நுரையில் அமர்ந்து கரைந்தது. அவள் துணியை மூக்குக்கு மேலே இழுத்துக்கொள்ளாமல், முகத்தை மறுபடியும் கோப்பைக்குள் தாழ்த்தினாள்.