சாட்சிக்கு வந்தவள்

மூன்றாவது மாடியைத் தாண்டும்போது லிஃப்ட் லேசாக விக்கியது. வேறு யாராக இருந்தாலும் கவனித்திருக்க மாட்டார்கள். அவர் மட்டும் அண்ணாந்து கூரையைப் பார்த்தார். வேலையிலிருந்து அவர் ஓய்வு பெற்றுவிட்டார், அவருடைய காது பெறவில்லை. பிழைப்புக்காக இந்த நகரத்துக்கு வந்த நாளிலிருந்து லிஃப்ட் பழுது பார்த்தவர். இரண்டு மாடிகளுக்கு நடுவே மாட்டிக்கொண்ட எத்தனையோ பேரை இறக்கிவிட்டிருக்கிறார். பெட்டியின் தலைமேல் நின்றுகொண்டு, "கதவைத் தள்ளாதீங்க, பயப்படாதீங்க, நான் இருக்கேன்" என்று கத்துவார். உள்ளே அழுகை நிற்கும். கதவு திறந்ததும் விட்டால் போதும் என்று ஓடிவிடுவார்கள். அவர்களில் ஒருவருக்கும் அவர் முகம் தெரியாது. மிஞ்சிப்போனால் பூட்ஸ் தெரிந்திருக்கும்.

கொழுந்தியாள் படியேறி வந்துகொண்டிருந்தாள். அவள் லிஃப்ட்டில் ஏறவே மாட்டாள். "கயித்துல கட்டித் தொங்க விடறதுக்கு நான் என்ன வாளியா?" என்று வந்த புதிதில் கேட்டாள். படுக்கையில் கிடந்த அவள் அக்கா, அதாவது அவருடைய மனைவி, அதைக் கேட்டு இருமல் வரும் வரை சிரித்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பு கேட்கவில்லை.

அக்காவைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் கடல் தாண்டி வந்தாள். அக்கா போன பிறகு ஊர் திரும்பவில்லை. போ என்று அவரும் சொல்லவில்லை, இரு என்றும் சொல்லவில்லை. சின்ன அறையில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, அக்கம்பக்கத்தாரின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைத்துத் தந்து, தன் செலவைத் தானே பார்த்துக்கொண்டாள். ஒரே சமையலறைதான். ஆனால் அவர் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டை எடுக்கும் சத்தம் கேட்கும். சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின், இந்தப் பக்கம் டி.வி. மெஷின் நின்றுவிட்டால் அவர் டி.வி.யின் சத்தத்தைக் குறைத்துவிட்டு, அது மறுபடி ஓடத் தொடங்கும் வரை காத்திருப்பார். இது அவளுக்குத் தெரியாது.

வக்கீலம்மாவின் அறை ஐந்தாவது மாடியில். வயதில் சின்னவள். போன முறையே எல்லாவற்றையும் பொறுமையாகச் சொல்லியிருந்தாள். அவர் இன்னும் இந்த நாட்டுக் குடிமகன் ஆகவில்லை. உயில் எழுதாமல் கண்ணை மூடினால், இங்கே உள்ள வீட்டுக்கும் அவருடைய சொந்த நாட்டுச் சட்டம்தான். மனைவி இல்லை, பிள்ளை இல்லை. வீடு நேராக அண்ணனுக்குப் போகும். கொழுந்தியாள் சட்டத்தின் கண்ணுக்கு யாரோ ஒருத்தி. சாவியைப் பிடுங்கிக்கொண்டு வெளியே அனுப்பலாம். அண்ணன் செய்வார். இந்த வீட்டைப் படத்தில்கூடப் பார்க்காதவர், ஒவ்வொரு போனிலும், "வீடு நம்ம குடும்பத்தை விட்டுப் போயிடக் கூடாதுடா தம்பி" என்று ஊருக்கே கேட்கிற மாதிரிச் சொல்லுவார். அந்தக் குரல் சுவரைத் தாண்டிச் சின்ன அறைக்கும் போகும்.

அதனால்தான் உயில். சாட்சி இரண்டு பேர். ஒருவர் அலுவலகத்து ஆளாக இருக்கலாம், இன்னொருவர் அவரை நன்றாகத் தெரிந்தவராக இருக்க வேண்டும். 'நன்றாகத் தெரிந்தவர்' என்ற வார்த்தையைத்தான் அவர் அன்று வீட்டுக்கு எடுத்துப் போனார். அதற்குப் பின்னால் வக்கீலம்மா சொன்ன எதுவும் காதில் தங்கவில்லை. இந்த நகரத்தில் தன்னைத் தெரிந்தவர் என்று யோசித்தபோது ஒரே ஒரு முகம்தான் வந்தது. மறுநாள் காலை சமையலறை வாசலில் நின்று, "ஒரு கையெழுத்துப் போடணும், வர்றியா?" என்று கேட்டார். எதற்கு என்று அவள் கேட்கவில்லை. "வர்றேன் அத்தான்" என்றாள்.

கொழுந்தியாள் மூச்சு வாங்க வக்கீலம்மாவின் அறைக்குள் வந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். நல்ல புடவை. அக்காவின் காரியத்துக்குப் பிறகு அதை அவள் கட்டி அவர் பார்த்ததில்லை. வக்கீலம்மா அவளுடைய அடையாள அட்டையை வாங்கிப் பார்த்தாள். அப்புறம் மேசைமேல் இருந்த தாளைப் பார்த்தாள்.

"இவங்கதான் சாட்சியா?"

"ஆமாம்மா."

"இவங்க போட முடியாதுங்க."

கொழுந்தியாளின் முகம் சுருங்கியது. "நான் அவரோட சொந்தம்தாங்க. அவர் சம்சாரத்தோட கூடப் பிறந்தவ. வேணும்னா போட்டோ காட்டறேன்."

"அதுக்கில்லம்மா. வீட்டை எழுதி வாங்கறவங்க சாட்சி போட்டா, அவங்களுக்கு வீடு கிடைக்காது. போன தடவையே சொன்னேனே சார்?"

பேனாவைத் திறந்து வைத்திருந்த அலுவலகத்து ஆள் அதைச் சத்தமில்லாமல் மூடினார். கொழுந்தியாள் முதலில் வக்கீலம்மாவைப் பார்த்தாள், பிறகு அவரை. அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கைகள்.

"உங்க அண்ணனுக்கு எழுதறீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

"அவருக்கு எதுக்கு?"

"எனக்கு எதுக்கு?"

அதற்கு ஒரு பதில் இருந்தது. நீ வேண்டும், மெஷின் சத்தம் வேண்டும் என்பது மாதிரி ஏதோ ஒன்று. தொண்டை வரை வந்து, மாடிகளுக்கு நடுவே பெட்டி நிற்பதுபோல் நின்றது.

"வேற ஒருத்தரைக் கூட்டிட்டு வாங்க சார்" என்றாள் வக்கீலம்மா, குரலைத் தாழ்த்தி. "பழைய நண்பர், பக்கத்து வீடு, யாரா இருந்தாலும் சரி."

அவர் தலையை ஆட்டினார். ஆட்டும்போதே பெயர்களைத் தேடிப் பார்த்தார். கூட வேலை பார்த்தவர்கள் ஊர் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரர் அவரை இன்னமும் "லிஃப்ட்" என்றுதான் கூப்பிடுகிறார்.

வெளியே வந்ததும் லிஃப்ட் பட்டனை அழுத்தினார். கொழுந்தியாள் படியில் இறங்க ஆரம்பித்தாள். இரண்டு படி இறங்கி நின்றாள்.

"அடுத்த மாசத்துலேர்ந்து நான் வேற எடத்துல வேலைக்குச் சேர்றேன் அத்தான். ஒரு வயசான அம்மா, தனியா இருக்காங்க. அங்கேயே ரூம் தர்றாங்களாம். வாக்குக் குடுத்துட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீங்க மட்டும் சொன்னீங்களா?" அவள் சிரிக்க முயன்றாள். "உங்க அண்ணன் வந்து வெளிய போன்னு சொல்றதுக்கு முன்னாடி நானே போயிட்டா மரியாதைன்னு பாத்தேன்."

அவர் சுவரில் கை வைத்துக்கொண்டார்.

"சாட்சிக்கு ஆள் இருக்கா உங்களுக்கு?" என்று கேட்டாள்.

"பாக்கணும்."

"பேக்கரிக்கார அம்மா வருவாங்க. எனக்குப் பழக்கம். உங்களைத் தெரியும்னு சொல்லுவாங்க."

"அவங்களுக்கு என்னைத் தெரியாதே."

"நான் சொல்லித் தெரியும்" என்றாள் அவள், கைப்பிடியைப் பார்த்தபடி. பிறகு இறங்கத் தொடங்கினாள்.

லிஃப்ட் வந்து கதவு திறந்தது. உள்ளே கண்ணாடியில் ஒரு கிழவர் நின்றார். அவர் ஏறவில்லை. படியில் கால் வைத்தார். வாழ்நாளெல்லாம் லிஃப்ட்டுக்குள் கழித்தவருக்கு முட்டி படிகளை மறந்திருந்தது. ஒவ்வொன்றாக, பக்கவாட்டில் இறங்கினார். கீழே ஒரு மாடி தள்ளி அவள் செருப்புச் சத்தம் போய்க்கொண்டிருந்தது.

"நான்..." என்றார். மாடிப்படிக் கூடு அந்த ஒரு சொல்லை வாங்கி மேலும் கீழும் கொண்டுபோனது.

செருப்புச் சத்தம் நின்றது. யாரோ கீழே பட்டனை அழுத்தியிருக்க வேண்டும். லிஃப்ட்டின் கம்பிக் கதவுக்கு அந்தப் பக்கம், உள்ளே விளக்கு எரிய, ஆளில்லாத பெட்டி அவரைக் கடந்து, பிறகு அவளையும் கடந்து மெல்ல இறங்கிப் போனது. மூன்றாவது மாடியில் லேசாக விக்கியது.