பேக்கரி வளைவில் யாரும் முந்துவதில்லை

1

"ஒண்ணுமே நடக்காத பந்தயத்தை எதுக்கும்மா வருஷா வருஷம் நடத்துறீங்க?"

கார் பந்தயச் சங்கத்திலிருந்து வந்த அதிகாரி, தேநீரை வாங்கிக்கொண்டே, அதைக் கொண்டுவந்த இளைய மகளிடம் கேட்டார். அப்பா உள்ளே சட்டை மாற்றிக்கொண்டிருந்தார். அவள் தட்டை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். பதில் தெரிந்திருந்தால் அவள் இந்தக் கதையை எழுத வேண்டியே இருந்திருக்காது.

2

முதல் தொடக்கம்: கார்கள் மின்னலைப் போல

(அடித்துவிட்டாள். மின்னல் வரிசையில் போகாது.)

இரண்டாம் தொடக்கம்: எழுபது ஆண்டு வரலாறு கொண்ட இந்தப் பந்தயம்,

(இது பாடப்புத்தகம்.)

நேராகவே சொல்லிவிடுகிறாள். பந்தயம் ஊர்த் தெருவிலேயே; தெரு குறுகல், பேக்கரி இருக்கும் வளைவில்கூட முந்த இடமில்லை. சனிக்கிழமை ஒவ்வொருவரையும் தனியாக ஓட்டச் சொல்லி, வேகமானவரை முன்னால் நிறுத்துவார்கள். ஞாயிற்றுக்கிழமை அதே வரிசையில் கிளம்பி, பெரும்பாலும் அதே வரிசையில் வந்து சேர்வார்கள். ஊர் முதல் சுற்றைப் பார்த்துவிட்டுச் சாப்பிடப் போகும். மொட்டைமாடியில் நாற்காலி போட்டுத் தூங்கும் பெரியப்பா நடுவில் கண் விழிப்பார்.

"யாரு முன்னாடி?"

"கிளம்பும்போது யாரு முன்னாடியோ, அவங்கதான்."

"அப்ப சரி." மறுபடி குறட்டை.

3

அப்பாவைப் பற்றித்தான் அவளுக்குச் சந்தேகம். முதல் வரைவில் அவர் கல்நெஞ்சக்காரர். அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டாள்.

அவர் பந்தயத்தின் செயலாளர். ஓடும் காரின் அடியில் உண்டாகும் உறிஞ்சுவிசை சாக்கடை மூடியையே பிடுங்கி எறிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு வருடமும் தெருவின் எல்லா மூடிகளையும் வெல்டிங் வைத்து இறுக்கச் செய்வார். பிறகு ஒவ்வொன்றின் மேலும் ஏறி நின்று, உடம்பை ஆட்டிப் பார்ப்பார். பார்ப்பவர்களுக்குச் சிரிப்பு வரும். அந்தத் தெருவில் இதுவரை ஒரு உயிரும் போனதில்லை.

(ஒன்றும் நடக்காமல் இருக்க இத்தனை வேலை. இதை அன்றே அந்த அதிகாரியிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் இது பதில்தானா? பத்திரமான தெரு வேறு, பார்க்கத் தகுந்த பந்தயம் வேறு. பெரியப்பாவின் குறட்டைக்கும் இந்தக் கதையில் ஓட்டு உண்டு.)

4

அதிகாரி சொல்லிவிட்டுப் போனது இதுதான்: இந்த வருடமும் முதல் இடத்துக்குப் போட்டி இல்லையென்றால், அடுத்த வருடம் பந்தயம் வேறு ஊருக்கு.

அவளுடைய அக்கா இந்தப் பந்தயத்தில் கார் ஓட்ட ஆரம்பித்து எத்தனையோ வருடம். எப்போதும் வரிசையின் நடுவில்தான். இந்தச் சனிக்கிழமைதான் முதல் முறையாக எல்லோரையும் விட வேகமாக ஓட்டினாள். சாயங்காலம் சமையலறையில் அப்பா குரலைத் தாழ்த்தினார்.

"பேக்கரி வளைவுல மட்டும் கொஞ்சம் அகலமாப் போடி. பின்னாடி வர்றவன் உள்பக்கமாப் பூந்துடுவான். ஒரு தடவை போதும்."

"பூந்தவன் திரும்ப எனக்கு வழி விடுவானாப்பா?"

அப்பா தண்ணீர் குடித்தார்.

"அப்ப நான் தோக்கணும்."

"ரெண்டாவதா வந்தா தோல்வியா? பந்தயம் பொழைக்கும்ல?"

"நான் விட்டுக்குடுத்துத்தான் பொழைக்கணும்னா, அது பந்தயமாப்பா? நாடகம்."

"எழுபது வருஷம்டி..."

"எனக்கு இது ஒரே ஒரு நாள்ப்பா."

5

முடிவு ஒன்று: அக்கா வளைவில் அகன்று போகிறாள். ஊரே எழுந்து நின்று கத்துகிறது. பந்தயம் தங்குகிறது. அப்பா அக்காவைக் கட்டிக்கொள்ள வருகிறார், அக்கா

(அக்கா என்ன செய்வாள் என்று எழுத வரவில்லை.)

முடிவு இரண்டு: அக்கா ஜெயிக்கிறாள், யாரும் பார்க்காமல். அடுத்த வருடம் அந்தத் தெருவில் காய்கறி வண்டிகள் மட்டும்தான் போகின்றன. அப்பா ஜன்னலைச் சாத்திவிட்டு

(இதுவும் நின்றுவிட்டது.)

வாசிக்கிறவரே, இதில் ஒன்றை எழுதினால் அவள் ஒருவருக்குத் துரோகம் செய்தவள் ஆகிறாள். உங்களுக்கு இவர்கள் அக்காவும் இல்லை, அப்பாவும் இல்லை. நீங்கள் எழுதலாம். அவள் கண்ணால் கண்ட கடைசிக் காட்சியை மட்டும் இங்கே வைக்கிறாள்.

6

ஞாயிறு காலை. அக்கா பந்தய உடுப்பின் ஜிப்பைப் பாதிவரை ஏற்றியிருந்தாள். அப்பா அவளைப் பார்க்காமல், மேஜையில் சிந்தியிருந்த தேநீரைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நான் சொன்னது இருக்குல்ல..." என்றார்.

அக்கா காத்திருந்தாள். அப்பா துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். அவள் இன்னும் காத்திருந்தாள். பிறகு ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டு, படியிறங்கிப் போனாள்.